118 சேர்ந்துவிட்டால் ஆட்சி அமைந்துவிடுமா? மாநிலக் கூட்டணி அரசு உருவாகும் விதம்

கூட்டணி என்ற சொல் நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேர்தல் வந்தால் தொகுதிப் பங்கீடு, தனிச் சின்னமா பொதுச் சின்னமா என்ற இழுபறி, ஒரே சுவரொட்டியில் ஆறேழு தலைவர்கள் என்று எங்கும் அந்தப் பேச்சுதான். அதனாலேயே ஒரு குழப்பமும் வந்துவிடுகிறது. கூட்டணியாகத் தேர்தலைச் சந்திப்பது வேறு, கூட்டணி ஆட்சி நடத்துவது வேறு. இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

2006 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலைப் பாருங்கள். மொத்தம் 234 இடங்கள், பெரும்பான்மைக்கு 118 வேண்டும். திமுக வென்றது 96. கூட்டணியில் இருந்த காங்கிரஸ் 34, பாமக 18, மார்க்சிஸ்ட் கட்சி 9, இந்திய கம்யூனிஸ்ட் கட்சி 6. எல்லாம் சேர்ந்து 163. ஆனால் அமைச்சரவையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திமுகவினர். மற்ற கட்சிகள் ஆதரவுக் கடிதம் கொடுத்துவிட்டு வெளியே நின்றன. கூட்டணி வென்றது, ஆனால் நடந்தது ஒரு கட்சியின் சிறுபான்மை அரசு. அதுவும் ஐந்து ஆண்டு முழுசாக ஓடியது. காங்கிரஸின் 34 மட்டும் கூட நின்றாலே 130 ஆகிவிடும் என்பதால் வேறு சில கட்சிகளுடன் உறவு கெட்டபோதும் ஆட்சிக்கு ஆபத்து வரவில்லை.

இதற்கு 'வெளியிலிருந்து ஆதரவு' என்று பெயர். கூட்டணி ஆட்சி என்றால் ஆதரவு தரும் கட்சியின் ஆட்களும் அமைச்சர்களாகப் பதவியேற்று, கோப்பில் கையெழுத்துப் போட்டு, நல்லது கெட்டது இரண்டுக்கும் சட்டமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். 'ஆட்சியில் பங்கு' என்று மேடைகளில் கேட்கிறார்களே, அது இதைத்தான்.

நமக்கு இது அந்நியமான ஏற்பாடும் இல்லை. 1952இல் அன்றைய சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஒன்றுகூடி ஆட்சிக்கு உரிமை கோரின. ஆனால் ராஜாஜி முதலமைச்சரானார். வட தமிழகத்தில் 6 இடங்கள் வென்றிருந்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அந்த அமைச்சரவையில் இடம்பெற்றார். 1954இல் காமராஜர் முதல்வரானபோது உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியாரும் அமைச்சரானார். சின்னக் கட்சி, ஒரு பகுதியின் மக்களுக்காகப் பேசும் கட்சி, அமைச்சரவைக்குள் வந்து உட்காரும் வழி இப்படித்தான் திறந்தது.

ஆளுநர் யாரை அழைக்க வேண்டும்?

யாருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லாமல் முடிவு வந்தால், முதல் கேள்வி இதுதான். அரசியலமைப்புச் சட்டத்தின் 164ஆம் பிரிவு 'முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார்' என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லவில்லை. 1988இல் வெளியான சர்க்காரியா ஆணையத்தின் அறிக்கை ஒரு வரிசையைப் பரிந்துரைத்தது. முதலில், தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணிக்குப் பெரும்பான்மை இருந்தால் அது. அடுத்து, மற்றவர்களின் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி. அப்புறம், தேர்தலுக்குப் பின் சேர்ந்து, எல்லாருமே ஆட்சியில் பங்கெடுக்கும் கூட்டணி. கடைசியாக, சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் நின்று ஆதரிக்கும் கூட்டணி.

இது பரிந்துரை, சட்டம் இல்லை. நடைமுறையில் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். 2017 கோவாவில் மொத்தம் 40 இடங்கள். காங்கிரஸ் 17, பாஜக 13. ஆனால் சின்னக் கட்சிகளும் சுயேச்சைகளும் பாஜகவின் மனோகர் பாரிக்கர் முதல்வரானால் ஆதரிப்போம் என்று சொல்ல, 13 இடம் வென்ற கட்சிதான் அழைக்கப்பட்டது, சட்டமன்றத்திலும் பெரும்பான்மையை நிரூபித்தது. மறு ஆண்டு கர்நாடகத்தில் நேர்மாறு. பாஜக 104, காங்கிரஸ் 78, மதச்சார்பற்ற ஜனதா தளம் 37. பின்னவை இரண்டும் வாக்கு எண்ணிய அன்றே கைகோத்துவிட்டன. ஆனால் ஆளுநர் தனிப்பெரும் கட்சி என்று பாஜகவின் எடியூரப்பாவை அழைத்து, பெரும்பான்மையை நிரூபிக்க 15 நாள் அவகாசமும் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் தலையிட்டு மே 19 அன்றே வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. எடியூரப்பா வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்தார். மே 23 அன்று ஜனதா தளத்தின் குமாரசாமி பதவியேற்றார்.

இரண்டு மாநிலம், இரண்டு அளவுகோல். எனக்கு இது இன்றைக்கும் நெருடலான விஷயம்தான். வரிசையைச் சட்டமாகவே எழுதிவிட்டால் பாதி சண்டை குறையும். இப்போதைக்கு நமக்கிருக்கும் பெரிய பாதுகாப்பு 1994இன் எஸ்.ஆர்.பொம்மை வழக்குத் தீர்ப்பு. ஓர் அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கக் கூடாது, சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தித்தான் தீர்மானிக்க வேண்டும் என்று அது சொல்லிவிட்டது.

ஒரு நாற்காலி, ஒரு வாக்கு

எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாகும் கட்சிகள் மறந்துபோகும் இடம் ஒன்று உண்டு: சபாநாயகர். அவர் வழக்கமான வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியாது. இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் அவர் வாக்குக்கு வேலை. அதாவது ஆளும் தரப்பிலிருந்து ஒருவரைச் சபாநாயகர் ஆக்கிய அடுத்த நிமிடமே அந்தப் பக்கத்தில் ஒரு வாக்கு குறைகிறது.

இதைக் கண்ணெதிரே காட்டியது கேரளம். 1981 டிசம்பர் 28 அன்று கருணாகரன் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சி அமைந்தது. சபாநாயகரை நீக்கிவிட்டுப் பார்த்தால் இரு தரப்பும் சரிசமம். மசோதாவோ தீர்மானமோ, வாக்கெடுப்பு சமநிலையில் முடியும். சபாநாயகர் ஏ.சி.ஜோஸ் 'காஸ்டிங் வோட்' எனப்படும் தன் வாக்கைப் போடுவார், அரசு பிழைக்கும். இப்படிப் பலமுறை நடந்தது. மலையாளிகள் அந்த ஆட்சியை இன்றும் 'காஸ்டிங் மந்திரிசபை' என்றே சொல்கிறார்கள். 1982 மார்ச்சில் லோனப்பன் நம்பாடன் என்ற ஒரே ஒரு உறுப்பினர் ஆதரவை விலக்கினார். எண்பது நாளில் ஆட்சி முடிந்தது.

தமிழ் பேசும் புதுச்சேரியில் இன்னொரு கணக்கும் சேரும். அங்கே மக்கள் தேர்ந்தெடுப்பது 30 பேரை. மத்திய அரசு 3 பேரை நியமிக்கலாம். அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2021 தேர்தலில் என்.ஆர். காங்கிரஸ் 10, பாஜக 6. இரண்டும் சேர்ந்து 16, தேர்ந்தெடுக்கப்பட்ட 30இல் மெல்லிய பெரும்பான்மை. மத்திய அரசு நியமித்த மூன்று பேரும் பாஜகவினர். உடனே கூட்டணியின் பலம் 19 ஆனது, அதற்குள் பாஜகவின் பங்கு 9 ஆனது. கூட்டாளிகளுக்குள் இருந்த எடை ஒரே அறிவிப்பில் மாறிவிட்டது.

யாருக்கு எந்த இலாகா?

கூட்டணி ஆட்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். எண்ணிக்கை சேர்ப்பது இரண்டு நாள் வேலை. பங்கீடு அப்படி இல்லை. அதே புதுச்சேரியில் என்.ஆர். காங்கிரஸின் ரங்கசாமி 2021 மே 7 அன்று தனியாக முதல்வர் பதவி ஏற்றார். நடுவில் அவர் கொரோனா சிகிச்சைக்குப் போய்வந்தார். பேச்சுவார்த்தையும் இழுத்தது. மற்ற ஐந்து அமைச்சர்கள் பதவியேற்றது ஜூன் 27. ஐம்பத்தோரு நாள், அதுவும் கொரோனா இரண்டாம் அலை நேரத்தில், ஒரு முதல்வர் மட்டுமே இருந்த அரசு! முடிவில் முதல்வரோடு சேர்த்து என்.ஆர். காங்கிரஸுக்கு 4 இடம், பாஜகவுக்கு 2 அமைச்சர்களும் சபாநாயகர் பதவியும்.

ஒரு காலத்தில் பங்கீடு சுலபம். கேட்டவர்களுக்கெல்லாம் மந்திரி பதவி கொடுத்துவிடலாம். 1997இல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அமைச்சரவையில் 93 பேர் இருந்தார்கள். 2003இல் வந்த 91ஆவது திருத்தம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் எண்ணிக்கை சட்டமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சின்ன மாநிலமானாலும் 12 வரை வைத்துக்கொள்ளலாம். 234 உறுப்பினர்கள் உள்ள தமிழ்நாட்டுக்கு 35, 140 உள்ள கேரளத்துக்கு 21. பந்தி பெரிது, இலை குறைவு.

அதனால் அமைச்சர் பதவி தவிர்த்த பதவிகளுக்கும் மதிப்பு ஏறியது. 2021 மே மாதம் கேரளத்தில் அமைந்த பினராயி விஜயன் அமைச்சரவையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். இடது ஜனநாயக முன்னணிக்கு 99 இடம். அதில் மார்க்சிஸ்ட் கட்சி 62. பெரும்பான்மைக்கு வேண்டியது 71. ஆக, பெரிய கட்சியாலும் தன் சின்னத்தில் வென்றவர்களை மட்டும் வைத்து ஆள முடியாது. 21 இடங்களில் மார்க்சிஸ்டுக்கு 12, இந்திய கம்யூனிஸ்டுக்கு 4. ஐந்து இடம் வென்ற கேரள காங்கிரஸ் (மாணி) கட்சிக்கு ஒன்று. தலா இரண்டு இடம் வென்ற மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கும் தேசியவாத காங்கிரஸுக்கும் ஒவ்வொன்று. இதுவரை 19. சபாநாயகர் மார்க்சிஸ்ட், துணைச் சபாநாயகர் இந்திய கம்யூனிஸ்ட், அரசின் தலைமைக் கொறடா (ஆளும் தரப்பு உறுப்பினர்கள் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று உத்தரவிடுபவர்) கேரள காங்கிரஸ் (மாணி). மீதி இரண்டு நாற்காலி. ஆனால் ஒரே ஒரு உறுப்பினரை வைத்திருந்த கட்சிகள் அதைவிட அதிகம். அந்த இரண்டு நாற்காலிக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

விகிதத்தை உற்றுப் பாருங்கள். 62 உறுப்பினர்களுக்கு 12 அமைச்சர் என்றால் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஓர் அமைச்சர். இரண்டு பேர் இருக்கும் கட்சிக்கும் ஓர் அமைச்சர். கணக்குப்படி இது அநியாயம் போலத் தெரியும். ஆனால் கூட்டணியில் யாருமே தலையை மட்டும் எண்ணிப் பங்கு பிரிப்பதில்லை. தன் பகுதியில், தன் மக்களிடத்தில் அந்தக் கட்சி கொண்டுவந்து சேர்த்த வாக்கும், அது விலகினால் ஏற்படும் இழப்பும் சேர்த்துத்தான் எடை போடப்படும். பெரிய கட்சி கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, சின்னக் கட்சி கொஞ்சம் கூடுதலாகப் பெறுகிறது. நிலைத்து நின்ற கூட்டணிகளில் பெரும்பாலும் இந்தச் சாய்வு இருக்கும்.

எண்ணிக்கையைவிட முக்கியம் எந்த இலாகா என்பது. எல்லா அமைச்சர்களும் ஒன்றில்லை. நிதித்துறை கையில் இருந்தால் மற்ற எல்லாத் துறைகளின் குடுமியும் கையில் இருக்கிறது. உள்துறை என்றால் காவல்துறை. பொதுப்பணி, வருவாய், உள்ளாட்சி என்றால் கிராமம் வரை கட்சிக்காரருக்குச் செல்வாக்கு. 2018 கர்நாடகத்தில் காங்கிரஸுக்கு 22 அமைச்சர், ஜனதா தளத்துக்கு 12 என்பதில் பெரிய தகராறு இல்லை. நிதித்துறை யாருக்கு என்பதில்தான் நாள்கள் கழிந்தன. குமாரசாமி பதவியேற்று ஒன்பது நாள் கழித்து, ஜூன் 1 அன்று உடன்பாடு அறிவித்தார்கள்: நிதி ஜனதா தளத்துக்கு, உள்துறை காங்கிரஸுக்கு. அமைச்சர்கள் பதவியேற்றது ஜூன் 6. அதுவரை முதல்வரும் துணை முதல்வர் பரமேஸ்வராவும் மட்டும்தான்.

துணை முதல்வர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு பதவி அரசியலமைப்புச் சட்டத்தில் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவரும் ஓர் அமைச்சர்தான். இரண்டாவது பெரிய கட்சிக்குத் தரும் மரியாதை அது. மரியாதைக்கும் கூட்டணியில் விலை உண்டு.

ஒத்துப்போகாதவர்கள் எதை ஒத்துக்கொள்கிறார்கள்?

கொள்கை வேறு வேறாக இருக்கும் கட்சிகள் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தால் எதைச் செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வார்கள். குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டம் என்பது அதுதான். அதில் இருப்பதைவிட, ஒதுக்கி வைக்கப்பட்டதைப் படிப்பது எனக்கு எப்போதும் கூடுதலாகச் சொல்லித்தரும்.

ஜம்மு காஷ்மீரில் 2014 டிசம்பர் 23 அன்று முடிவு வந்தது. 87 இடங்களில் மக்கள் ஜனநாயகக் கட்சி 28, பாஜக 25. ஒன்று பள்ளத்தாக்கின் கட்சி, மற்றது ஜம்முவில் வென்ற கட்சி. சிறப்பு அந்தஸ்து விஷயத்தில் இரண்டும் எதிரெதிர் துருவம். பேசிப் பேசி இரண்டு மாதத்துக்கும் மேலாகியது. கடைசியில் 'கூட்டணியின் செயல்திட்டம்' என்று ஓர் ஆவணம் எழுதினார்கள். சிறப்பு அந்தஸ்தைப் பொறுத்தவரை இப்போதைய நிலையே தொடரும் என்று அதில் போட்டு, அந்தக் கேள்வியை மூடிவைத்தார்கள். 2015 மார்ச் 1 அன்று மக்கள் ஜனநாயகக் கட்சியின் முஃப்தி முகமது சயீத் முதல்வராகப் பதவியேற்றார். 2018 ஜூனில் பாஜக விலகியதும் அந்தக் கூட்டணி ஆட்சி போனது.

நாளாந்தம் வரும் உரசலுக்கு ஒருங்கிணைப்புக் குழு. அமைச்சரவைக்கு வெளியே கட்சித் தலைவர்கள் உட்கார்ந்து பேசும் இடம் அது. இந்தக் குழு மாதக்கணக்கில் கூடாமல் இருக்கிறது என்று செய்தி வந்தால் கூட்டணிக்குள் புகைச்சல் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். அரசியலமைப்பின் பார்வையில் அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு. உள்ளே எவ்வளவு சண்டை போட்டாலும் வெளியே வந்தால் முடிவு எல்லாருடையது. கூட்டணியில் கடைப்பிடிக்கக் கஷ்டமான விதி இதுதான். தன் தொண்டருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு கட்சிக்கும் இருக்கிறது.

கட்சி மாறினால் தாவல், கூட்டணி மாறினால்?

புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் தனி உறுப்பினரைத்தான் கட்டுப்படுத்தும். தன் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். ஆனால் ஒரு கட்சி மொத்தமாக ஒரு கூட்டணியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் சட்டம் எதுவும் செய்யாது. பிகாரில் நிதிஷ் குமார் 2022 ஆகஸ்டில் ஒரு பக்கமும், 2024 ஜனவரியில் மறுபக்கமும் போனார். சட்டமன்றம் அதே 2020இல் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான், முதல்வரும் அவரேதான். கூட இருந்த கட்சிகள் மட்டும் மாறின. தேர்தலுக்கு முன் கூட்டணி என்று சொல்லி வாக்கு வாங்கியவர்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வாக்களித்தவரின் இடத்திலிருந்து பார்த்தால் இது பெரிய ஓட்டை.

இன்னொரு ஓட்டை ராஜினாமா. வாக்களித்தால்தானே தாவல்? உறுப்பினர் பதவியையே விட்டுவிட்டால் அவையின் மொத்த எண்ணிக்கை குறைந்து, எதிரணிக்குப் பெரும்பான்மை வந்துவிடும். 2019 ஜூலையில் கர்நாடகத்தில் ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் வரிசையாக ராஜினாமா கொடுத்தார்கள். ஜூலை 23 வாக்கெடுப்பில் குமாரசாமி அரசுக்கு 99, எதிராக 105. பதினான்கே மாதம்.

இரண்டரை ஆண்டு

இப்போது அந்த இரண்டு நாற்காலிக்கு வருவோம். அதற்கு முன் மகாராஷ்டிரம். 2019இல் பாஜகவும் சிவசேனாவும் தேர்தலுக்கு முன்பே கூட்டணி. முடிவில் 105உம் 56உம் சேர்ந்து 161. பெரும்பான்மைக்கு 145 போதும். சர்க்காரியா வரிசைப்படி இதைவிடத் தெளிவான முடிவு வர முடியாது. ஆனால் ஆட்சி அமையவில்லை. முதல்வர் பதவியை ஆளுக்கு இரண்டரை ஆண்டு என்று பிரித்துக்கொள்ளப் பேசியிருந்தோம் என்றது சிவசேனா. அப்படி ஒரு வாக்குறுதியே தரவில்லை என்றது பாஜக. மூடிய அறையில் என்ன பேசினார்கள் என்பதற்கு மக்கள் முன் வைக்க எழுத்து எதுவும் இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்து, பாஜக முதல்வரின் விடியற்காலைப் பதவியேற்பு ஒன்று நடந்து நான்கே நாளில் கலைந்து, நவம்பர் 28 அன்று உத்தவ் தாக்கரே தேர்தலில் எதிர்த்து நின்ற கட்சிகளோடு சேர்ந்து முதல்வரானார்.

கேரளத்தில் மீதமிருந்த இரண்டு நாற்காலிக்கும் அதே இரண்டரை ஆண்டுத் தீர்வுதான். ஒற்றை உறுப்பினர் கட்சிகளில் நான்கு. முதல் பாதிக்கு இந்திய தேசிய லீகின் அகமது தேவர்கோவிலும் ஜனாதிபத்திய கேரள காங்கிரஸின் ஆண்டனி ராஜுவும். இரண்டாம் பாதிக்கு காங்கிரஸ் (எஸ்) கட்சியின் கடன்னப்பள்ளி ராமச்சந்திரனும் கேரள காங்கிரஸ் (பி) கட்சியின் கணேஷ் குமாரும். பதவியேற்புக்கு முன்பே, 2021 மே மாதமே, முன்னணி இதை ஊரறியச் சொல்லிவிட்டது. 2023 டிசம்பர் வந்தது. முதல் இருவரும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். 29ஆம் தேதி மற்ற இருவரும் பதவியேற்றார்கள். ஆண்டனி ராஜு பார்த்துக்கொண்டிருந்த போக்குவரத்துத் துறை கணேஷ் குமாரிடம் போனது. அரசு அதன்பின்னும் வழக்கம்போல் நடந்தது.